பத்தில் மூன்று

அஞ்சுகிராமம் முக்கில் எனக்க கடை.
ஜெராக்ஸ், ஸ்கேன், டைப்பிங், பைண்டிங்.
அணு உலைக்கு வந்த ரஷ்யாக்காரர்கள்
மட்டிப்பழச் சீப்பைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு
சில்லறைக்குப் பை தடவுவார்கள்.
அப்படி வந்தவர்தான் ரோதியோன் கிளெபோவிச்.

ஓடுகிற பம்பின் மேல் உள்ளங்கை வைத்து
உள்ளே எந்த பேரிங் தேய்கிறது என்று சொல்வது
அவருக்க வேலை.
அமெரிக்காவுக்கு மனு போடுகிறார்.
அசாதாரணத் திறன் என்று ஒரு வகை உண்டாம்.
அந்தத் தொழிலின் உச்சியில் நிற்கிற
கொஞ்சம் பேரில் தானும் ஒருவன் என்று
தாளில் காட்ட வேண்டும்.
பரிசு, சங்கம், கட்டுரை, சம்பளம் என்று கேட்கிற பத்தில்
மூன்றாவது தேறணும்.

பத்துக்கு மூணு எடுத்தா எங்க பள்ளிக்கூடத்தில்
அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லுவாங்க என்றேன்.
சிரிக்கவில்லை.

அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
சாரல் காலம், தாளோடு தாள் ஒட்டிக்கொள்ளும்.
மூன்றாம் நாள், "நிறுத்தாதே" என்றவர்
ஓடுகிற மிஷின் மூடியில் கை வைத்தார்,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல.
"இடது உருளை. பதினொரு நாள்."
சர்வீசுக்கு வந்த ஜெர்லின்
நல்லாத்தானே ஓடுது அக்கா என்று
முந்நூறு வாங்கிப் போனான்.
பதினோராம் நாள் மத்தியானம்
யாரோ ஒருத்தருக்க ரேஷன் கார்டு பாதியில் இருக்க
உருளை நின்றது.

இதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது?
ஜெராக்ஸ் கடைக்காரிக்க சாட்சி
பத்தில் எதுவும் இல்லை.

சிபாரிசுக் கடிதம் ஏழு.
கையெழுத்துப் போடுகிறவர்கள் தூரத்துப் பேராசிரியர்கள்.
எழுதுவது இவர். தட்டுவது நான்,
இவர் எதிர் ஸ்டூலில், கண்ணை மூடிக்கொண்டு.
நாலாவதில் இருந்த ஒரு பத்தி
ஆறாவதுக்கு அப்படியே போனது.
கரண்டு போகிற நேரம். எனக்கு இடுப்பு வலி.
கீழே பெயரை மட்டும் மாற்றினேன்.

அதே வாரம் மனு போட்ட தைசியாவுக்கு
மூன்று வாரத்தில் சம்மதம் வந்துவிட்டது.
வெல்டிங்கில் விரிசல் தேடுகிறவள்.
ஏதோ போட்டிக்கு நடுவராக இருந்ததற்கு
முத்திரை வைத்த சீட்டு இருந்தது அவளிடம்.
அல்வாப் பொட்டலத்தோடு வந்து,
அவன்தான் என்னைவிடக் கெட்டிக்காரன்,
அவன் சொல்லித்தான் பாதி விரிசல் கண்டேன் என்றாள்.
இன்னொருத்தர் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு
துருக்கிப் பக்கம் போனதாகக் கேள்வி.

ரோதியோனிடம் முதலில் கூடுதல் ஆதாரம் கேட்டார்கள்.
எண்பத்து நாலு பக்கம் சேர்த்து அனுப்பினோம்.
பிறகு ஐப்பசியில், ஒன்பது பக்க மறுப்பு.
"ரெண்டு காப்பி" என்றார்.

நகல் எடுக்கிறவள் படிக்கக் கூடாது. படித்தேன்.
ஐந்தாம் பக்கம் நடுவில்:
நான்காம் கடிதமும் ஆறாம் கடிதமும்
ஒரே சொற்களில் உள்ளன,
ஆகவே இவற்றுக்கு அதிக எடை தருவதற்கில்லை.

காது மடல் வரை சுட்டது.
வெளியே தூத்துக்குடி பஸ் திரும்புகிற சத்தம்.
"அது நான்தான் சார்" என்றேன்.
"தெரியும்."
விரலால் மேசையைத் தட்டிக் காட்டினார்.
"நாலாம் கடிதம், நாற்பது நிமிடம் மழை மாதிரி.
ஆறாம் கடிதம்,
டக், டக். டக், டக்.
அப்புறம் ஒன்றுமில்லை. கேட்டேன்."

கேட்டுமா சும்மா இருந்தீங்க?
தோளைக் குலுக்கினார்.
"உனக்கு இடுப்பு வலி" என்றார்.
அதை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

காசு வேண்டாமென்றேன். முப்பத்தாறு ரூபாயை
எண்ணி வைத்தார் கண்ணாடியில்.
போகும்போது புது மிஷின் மூடி மேல்
ஒரு நிமிடம் கை வைத்தார்.
எத்தனை நாள் என்று
நான் கேட்கவில்லை.